செவலை கேட்டு வாங்கிய கயிறு

அந்தக் காலத்தில் விலங்குகளுக்கும் பேச்சு வரும். நாய்களுக்குக் கொஞ்சம் அதிகமாகவே வரும். "எங்க கழுத்துல கயிறு இருக்குதா, பாரு!" என்று மாடுகளைச் சீண்டுவதுதான் அவற்றின் முக்கால்வாசிப் பேச்சு. கயிறு கட்டிச் சந்தைக்குப் போன மாடு வீடு திரும்பாது. அதனால் கயிறு என்றாலே பிரிவு என்று நாய்கள் நம்பின.

பெருமை இருந்த அளவுக்கு அடக்கம் இல்லை. ஒரு சந்தை நாளில், மாராயி என்ற பெண் தன் கன்றை விற்க வந்தாள். கூடவே வந்த அவளுடைய நாய் செவலை, ஒரு கோழியைப் பார்த்துவிட்டது. அவ்வளவுதான்! கூடைகள் உருண்டன, பானைகள் நொறுங்கின, சினையாடு ஒன்று மிரண்டு விழுந்து எழுந்தது.

கோழி நேராகச் சந்தை மணியகாரர் ராக்கியண்ணனிடம் போய் நின்றது. "ஏனுங்க, நாங்க உசுரோட சந்தைக்கு வரலாமா, வேண்டாமா?"

மணியகாரருக்குக் கோபம் வந்தால் ஊரே அடங்கிவிடும். "ஒரே ஒரு நாய் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு யாரையும் தொரத்தாம நடந்து காட்டட்டும். முடியலீன்னா, பொழுது சாயறதுக்குள்ள நாய்க அத்தனையும் காட்டுக்குப் போயிரோணும்!"

நாய்கள் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு பின்வாங்கின. வாய்ச்சவடால் போன இடம் தெரியவில்லை. மாராயி செவலையைக் கட்டிக்கொண்டு அழுதாள். வீட்டில் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

"ஆத்தா, எம் மனசு நல்ல மனசுதான். கோழியப் பார்த்தா காலுதான் எம் பேச்சக் கேக்க மாட்டேங்குது," என்றது செவலை.

கன்றை விற்றாலும் கயிற்றைக் கொடுப்பதில்லை என்பது ஊர் வழக்கம். விற்ற கன்றின் கயிறு மாராயியின் தோளில் கிடந்தது. செவலை எட்டி அதைக் கவ்வி, அவள் மடியில் போட்டது.

"அட மானங்கெட்டவனே! நாய்க்குக் கயிறா?" என்று மற்ற நாய்கள் குரைத்தன.

மாராயியும் கயிற்றை மடியிலிருந்து தள்ளிவிட்டாள். "கயித்தக் கட்டுனா உன்னை வித்துட்டேன்னு ஆயிருமேடா."

"விக்கிறவங்க கயித்த வெச்சுக்கிட்டு மாட்டை விட்டுருவாங்க. நீ ரெண்டையும் விடாதே, ஆத்தா. என்னால பிடிக்க முடியாத என்னை நீ பிடிச்சுக்கோ."

மாராயி ஒரு நுனியைச் செவலையின் கழுத்தில் இறுக்காமல் கட்டினாள்; மறுநுனியைக் கையில் சுற்றிக்கொண்டாள். இருவரும் நடந்தார்கள். கருவாட்டுக் கடை வந்தது, மூக்கு இழுத்தது, கயிறு நிறுத்தியது. ஆட்டு மந்தை கடந்தது. கடைசியில் அந்தக் கோழி, வேண்டுமென்றே, இடுப்பை ஆட்டிக்கொண்டு குறுக்கே நடந்தது. செவலை பாய்ந்தது! மாராயி காலை ஊன்றி நின்றாள். கயிறு விறைத்தது, கோழியின் ஒரு இறகுகூட உதிரவில்லை. செவலை பெருமூச்சு விட்டு அவள் காலடிக்குத் திரும்பியது.

மறுகோடியைத் தொட்டதும் சந்தையே ஆர்ப்பரித்தது. ராக்கியண்ணன் தலைத்துண்டை உதறி வீசினார். "செயிச்சுட்டீங்க! இருங்க, எல்லாரும் ஊருக்குள்ளயே இருங்க!" காட்டுக்குக் கிளம்பி நின்ற நாய்களெல்லாம், "எனக்கொரு கயிறு, எனக்கொரு கயிறு!" என்று தங்கள் வீட்டுக்காரர்களைத் தேடி ஓடின.

அன்று முதல்தான், கடைவீதியோ பூங்காவோ, நாலு பேர் கூடும் இடத்துக்கு நாய் கயிற்றோடு போகிறது. கயிற்றைக் கண்டால் மாடு தலையைத் திருப்பிக்கொள்ள, நாய் மட்டும் வாலை ஆட்டிக்கொண்டு துள்ளிக் குதிக்கிறது.