வடக்குக் கட்டடம், இரண்டாம் மாடி

பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேரும் பேராசிரியர்கள் எந்தச் சந்தேகம் வந்தாலும் அலுவலக உதவியாளர் பேச்சியம்மாளிடம்தான் கேட்பார்கள். பதிவாளர் தணிகைவேலுவுக்கு அது பொறுக்கவில்லை. அவர்களுக்கென்றே நூற்றிருபது பக்கத்தில் அவர் கையேடு போட்டிருந்தார்.

"எல்லாம் கையேட்டில் இருக்கு. இனிமே நீ இவங்களுக்கு எதையாவது சொன்னா வேலை போயிடும்" என்றார், புதியவர்கள் பன்னிரண்டு பேர் முன்னால்.

"சரிங்கய்யா. இவங்க இன்னும் அறைச் சாவி வாங்கலை. கையேட்டைப் பாத்து நீங்களே ஒருதடவை கூட்டிட்டுப் போனா நானும் கத்துக்குவேன்."

பதிவாளர் கையேட்டை விரித்துக்கொண்டு முன்னால் நடந்தார். "சாவி வழங்குமிடம்: வடக்குக் கட்டடம், இரண்டாம் மாடி" என்று உரக்கப் படித்தபடியே திரும்பியவர், அப்படியே நின்றுவிட்டார்.

எதிரே சைக்கிள் ஸ்டாண்டு இருந்தது. கட்டடத்தை இடித்து நான்கு வருடமாகிறது. இடிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டதே அவர்தான். பழைய கையேட்டை அப்படியே எடுத்து அட்டையில் தன் பெயரைப் போட்டுக்கொண்டதும் அவர்தான்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

"மாடிக்கு ஏற ஏணி கொண்டாரட்டுங்களாய்யா?" என்றாள் பேச்சியம்மாள் பணிவாக.

"சாவி எங்கம்மா இருக்கு?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"சொன்னா வேலை போயிடுமேய்யா."

"போகாதும்மா, சொல்லு."

"அதை எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்கய்யா. முன்ன சொன்னது எல்லாருக்கும் கேட்டுச்சே."

தலைகுனிந்தபடியே, வேலை போகாது என்று உரக்கச் சொன்னார் பதிவாளர்.

"உங்க அறைக்கு எதுத்த அறையிலதான்யா இருக்கு" என்றாள் பேச்சியம்மாள்.