கிணத்துல விழுந்த பாதாளக்கரண்டி

ஒரு ஊர்ல ஒரு பஞ்சர் கடைக்காரி இருந்தா. பேரு சீனியம்மா. லாரி வரும், ஆணி குத்தும், புஸ்ஸுனு உக்காந்துரும். எம்மாம்பெரிய லாரியா இருந்தாலும் அவ முன்னாடிதான் வந்து நிக்கணும். ம் சொல்லு. நீ ம் சொன்னாத்தான் கதை நகரும்.

"ம்."

அவளுக்கு ஒரு கெட்ட பழக்கம். எதைக் கட்டணும்னாலும் கயிறு தேட மாட்டா. பழைய டியூப்பை வார் வாராக் கிழிச்சு அதாலயே கட்டிருவா. கோழிக்கூண்டுக் கதவுக்கும் டியூப் வார்தான், புருஷன் சோலையப்பன் இடுப்பு வேட்டிக்கும் டியூப் வார்தான்.

ஒருநாள் அவளோட தகர வாளி கிணத்துல விழுந்துருச்சு. தொபுக்குனு. அந்தக் கிணத்துல தண்ணி ஆழம், பொந்துல பாம்பு வேற குடியிருக்கு, ஒருத்தனும் இறங்க மாட்டான். அப்போ என்ன வேணும், பாதாளக்கரண்டி வேணும்.

"பாதாளக்கரண்டின்னா?"

இன்னும் தூக்கம் வரலையாக்கும். ஒரு இரும்பு வளையம், அதைச் சுத்திக் கொக்கி கொக்கியாத் தொங்கும். கயித்துல கட்டி கிணத்துக்குள்ள விட்டுத் துழாவுனா, விழுந்த சாமான் மாட்டிக்கிட்டு மேல வரும். ஊருக்கே ஒண்ணுதான் இருந்துச்சு, குருவம்மா வீட்டுல. அதைச் சும்மா தர மாட்டாங்க. ஒரு பாத்திரத்தை அவங்க வீட்டுல வச்சுட்டுத்தான் எடுத்துட்டுப் போகணும். கரண்டி திரும்பி வந்தாத்தான் பாத்திரம் திரும்பிப் போகும். அதுதான் வழக்கம்.

சீனியம்மா எதை வச்சா தெரியுமா? அவ அம்மாவோட பித்தளைக் குடத்தை. கழுத்துல புள்ளி புள்ளியா அம்மா பேரு வெட்டியிருக்கும். அம்மா செத்துப்போச்சு, அந்தக் குடம் ஒண்ணுதான் மிச்சம். காலைல தண்ணி எடுக்கும்போது அந்தப் பேரை ஒரு தடவை தடவிட்டுத்தான் இடுப்புல வைப்பா. சாயங்காலமே வாங்கிருவோமேன்னு குடுத்துட்டா.

அப்புறம், கயித்துல கரண்டியை எதால கட்டினா, சொல்லு பார்ப்போம்.

"டியூப்பு."

டியூப்பேதான். நனைஞ்ச ரப்பர் வழுக்காம என்ன செய்யும்? இழு இழுன்னு இழுபட்டு, நீண்டு, டுபுக். வாளியை எடுக்கப் போன கரண்டி, வாளி பக்கத்துலயே போய்ப் படுத்துக்கிச்சு.

குருவம்மா காதுக்கு விஷயம் போச்சு. "இந்தா பாரு சீனி, வர்ற வெள்ளிக்கிழமை என் மகளுக்குக் கல்யாணம். அதுக்குள்ள கரண்டி வந்தா குடம் உனக்கு. வரலேன்னா அது சீரோட சீராப் போயிரும்."

"மதினி, அது எங்கம்மா குடம்."

"அது எங்க மாமியா கரண்டி."

சீனியம்மாவுக்கு அழுகை வந்துச்சு. உக்காந்து நல்லா அழுதா. அப்புறம் மூக்கைச் சிந்திட்டு எந்திரிச்சா. கட்டுக்கம்பியை வளைச்சு கிணத்துல விட்டுப் பார்த்தா, கனம் தாங்காம அது நிமிர்ந்து போச்சு. பக்கத்து ஊர் ஆசாரிகிட்ட ஓடினா. "அறுப்பு நேரம்மா, அரிவாளாக் குவிஞ்சு கிடக்கு, மாசம் திரும்பட்டும்"னுட்டாரு.

"தடிக் கம்பி வளையணும்னா பழுக்கணும். பழுக்கணும்னா உலை வேணும். ஏங்க, நாமளே ஒரு உலை போட்டுருவோம்"னா புருஷன்கிட்ட.

"போட்டுரு, போட்டுரு"ன்னாரு சோலையப்பன். அவருக்கு அப்போ பாதித் தூக்கம்.

கடைக்குப் பின்னாடி குப்பை மாதிரி சாமான் கிடக்குமில்ல. செத்துப்போன லாரியோட பிரேக் டிரம்மு ஒண்ணு, சட்டி மாதிரி, நடுவுல ஓட்டையோட. அது அடுப்பாச்சு. உடைஞ்ச அடிபம்புக் குழாயை அந்த ஓட்டையில சொருகினா. அது காத்து போற வழியாச்சு. தேங்காச் செரட்டைக் கரியைக் கொட்டிப் பத்த வச்சு, பழைய ஜன்னல் கம்பியை நடுவுல சொருகினா. இனி ஊதணும், அவ்வளவுதான்.

முதல்ல ஓலை விசிறியால விசிறினாரு சோலையப்பன். பட பட படன்னு. கரி லேசாக் கண்ணைத் திறந்து பார்த்துட்டு மறுபடி மூடிக்கிச்சு, உன்னை மாதிரி. கம்பி சூடாச்சு, சிவக்கல.

ரெண்டாவது, ஒரு லாரி டியூப்புல காத்தடைச்சு, வாயைக் குழாயில மாட்டி, "ஏறி உக்காருங்க"ன்னா. நல்ல கனமான ஆளு அவரு. தொம்முனு உக்காந்தாரு பாரு, புஸ்ஸ்ஸ்னு மொத்தக் காத்தும் ஒரேயடியாப் போச்சு, உலைல இருந்த சாம்பல் பூராவும் ரெண்டு பேர் மூஞ்சிலயும் அப்பிக்கிச்சு. கண்ணு மட்டும்தான் தெரியுது. ம்?

"ம்."

மூணாவது, யோசிச்சா. ஓட்டை சைக்கிள் ஒண்ணை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினா. பின் சக்கரத்து டயரைக் கழட்டிட்டு, டேபிள் பேன் இறக்கையைப் பெயிண்டு டப்பாவுக்குள்ள அடைச்சு, டப்பாவை உலைக் குழாய் வாயில பொருத்தி, சக்கரத்துக்கும் பேனுக்கும் நடுவுல பெல்ட்டு மாட்டினா. என்ன பெல்ட்டு? டியூப் வார்தான். இந்தத் தடவை ஈரம் இல்ல, கெட்டியாப் பிடிச்சுக்கிச்சு. சோலையப்பன் ஏறி மிதிச்சாரு. ஊர்ர்ர்ர்னு காத்து போச்சு, கரி தக தகன்னு எரிஞ்சுது, கம்பி தக்காளிப் பழமாச் சிவந்துருச்சு. குறடால பிடிச்சு, பழைய லாரி அச்சு மேல வச்சு, டங் டங் டங்குனு வளைச்சா. மூணு கொக்கி ஆச்சு. மூணையும் சேர்த்துக் கட்டினா. டியூப்பால இல்ல, கயித்தால.

அப்புறம் கிணத்துல விட்டா. முதல்ல ஒரு செருப்பு வந்துச்சு. ரெண்டாவது அவ வாளி வந்துச்சு. மூணாவது கலகல கலகலன்னு சத்தம், குருவம்மா கரண்டி.

ஓட்டமா ஓடிக் கொண்டுபோய்க் குடுத்தா. விடிஞ்சா கல்யாணம், வீடு பூரா ஆளு. குருவம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தா. "ஒரு கொக்கி மல்லாந்து கிடக்கே. இதைச் சரி பண்ணாம குடத்தை எப்படித் தர்றது?"

சீனியம்மாவுக்குக் கோபம் பொத்துக்கிட்டு வந்துச்சு. ஆனாலும் பொறுத்துக்கிட்டா. "சரி பண்ணித் தர்றேன் மதினி. ஆனா மிதிக்க ஆள் இல்ல. அவருக்குத் தொடை பிடிச்சுக்கிச்சு, படுத்திருக்காரு. நான் சம்மட்டி அடிப்பேனா, சைக்கிள் மிதிப்பேனா? நீங்க வந்து மிதிங்க."

குருவம்மா தெருவை இந்தப் பக்கம் பார்த்தா, அந்தப் பக்கம் பார்த்தா. கல்யாண வீட்டுக்காரி, பட்டுச் சேலை வேற. கரண்டியைப் பார்த்தா. கொசுவத்தை இழுத்துச் சொருகிட்டுக் கிளம்பிட்டா.

சைக்கிள்ல ஏறி மெதுவா மிதிச்சா. ஊன்னுச்சு. இன்னும் மிதிச்சா. ஊர்ர்ர்ர்னுச்சு. தீப்பொறி பட பட படன்னு மேல பறந்துச்சு, அவ வாயைப் பொளந்து பார்த்தா. கொக்கி சிவந்துச்சு, டங் டங் டங், பழையபடி வளைஞ்சுது. வாளித் தண்ணியில முக்கினா சீனியம்மா, சொர்ர்ர்.

"முடிஞ்சுது மதினி, இறங்குங்க."

"இரு புள்ள, கரி இன்னும் சிவப்பாத்தானே இருக்கு."

"மதினி, கல்யாண வீடு."

"எங்க வீட்டுத் தோசைக்கரண்டி கூட ஒண்ணு ஒடிஞ்சு கிடக்கு, எடுத்துட்டு வரச் சொல்லவா?"

மறுநாள் தாலி கட்டி முடிஞ்சதும் குருவம்மாவே குடத்தைத் தூக்கிட்டு வந்தா. புளி போட்டுத் துலக்கிப் பளபளன்னு இருந்துச்சு. மூக்குல மட்டும் அவளுக்கு இன்னும் கரி. "பேரு வெட்டியிருக்கிற இடத்தை நான் தேய்க்கல சீனி. அழிஞ்சிருமோன்னு கையாலயே கழுவினேன்"னா.

சீனியம்மா விரலை வச்சுத் தடவிப் பார்த்தா. ஒரு புள்ளி குறையாம அம்மா பேரு அப்படியே இருந்துச்சு. மறுபடியும் அழுதா, குருவம்மா மூக்குக் கரி ஒட்டின முந்தானையால துடைச்சு விட்டா, சீனியம்மா மூஞ்சியெல்லாம் கரியாச்சு.

அன்னையிலிருந்து அந்த ஊர்ல கரண்டி வாங்க யாரும் பாத்திரம் வைக்கிறதில்ல. உலைகிட்டப் போய் சைக்கிள் மிதிச்சுட்டு, சீனியம்மா செஞ்ச கரண்டியை எடுத்துட்டுப் போவாங்க. வரிசைல முன்னாடி எப்பவும் யாரு நிப்பா, சொல்லு. குருவம்மா.

ம்? ம் காணோமே. சரி, உலையில கரி அணைஞ்சுது, கதையும் அணைஞ்சுது. குடம் வீடு வந்தாச்சு, நீயும் தூங்கு.