பொட்டு வைத்த விரல்

ஆயுதபூஜை முடிந்த மறுநாள், மேலாளர் தணிகாசலத்தின் கம்ப்யூட்டர் திரை இருண்டு கிடந்தது.

"இதைக் கெடுத்தவன் இன்னைக்கே வீட்டுக்குப் போயிடணும்!" என்று அலுவலகமே கேட்கக் கத்தினார். கண்கள் மட்டும், தினமும் திரையைத் துடைக்கும் பியூன் பேச்சிமுத்துவின்மேல் இருந்தன.

பேச்சிமுத்து குனிந்து பார்த்தான். திரையின் கீழ்மூலையில், பவர் பட்டன்மேல் சந்தனப்பொட்டு காய்ந்திருந்தது.

"பொட்டு அம்சமா இருக்குங்கய்யா. யார் வச்சது?"

"நான்தான்டா. வேற எவனையும் கிட்ட விட்டேனா?"

"உதிரவே இல்லையே! நல்லா அழுத்தி வச்சீங்களோ?"

"பின்னே? இதோ, இப்படி!" என்று மேலாளர் பொட்டின்மேல் விரலை வைத்து அழுத்தினார். திரை பளிச்சென்று ஒளிர்ந்தது.

அலுவலகமே சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றது. பேச்சிமுத்து கைகட்டிக் கேட்டான்:

"ஐயா வீட்டுக்குப் போக ஆட்டோ கூப்பிடட்டுங்களா?"