சீலாவா, வஞ்சிரமா?

ஒரு ஊர்ல, கடலை ஒட்டின சந்தையில, ஒரு மீன்காரம்மா. பேரு பூங்காவனம். நீ 'ம்' கொட்டிக்கிட்டே கேளு.

ஒரு சனிக்கிழமை, அவகிட்ட வாடிக்கையா மீன் வாங்கற லலிதா டீச்சர் விடுவிடுன்னு வந்தாங்க.

"ஏம்மா, மியூசியம் கண்காட்சியில உன் படம் மாட்டியிருக்காங்க. கதவு உசரம்!"

பூங்காவனத்துக்குத் தலைகால் புரியல. எப்பவோ ஒரு ஓவியர் எதிர்ல உக்காந்து அவளை வரைஞ்சாரு, அந்தப் படம்!

"ஆனா, படத்துல உன் கையில இருக்கறது சீலா மீனு. கீழ எழுதியிருக்கறது 'வஞ்சிரம் விற்கும் பெண்'. எனக்கும் இப்படித்தான் ஏமாத்தி வித்தியா?"

திக்குன்னுச்சு அவளுக்கு. வஞ்சிரம் ஒசத்தி, சீலா மலிவு. விடிஞ்சா ஞாயித்துக்கிழமை. படத்தைப் பாத்த ஊரு அவகிட்ட மீன் வாங்குமா?

அப்புறம் என்ன, கூடையோட பஸ் ஏறிட்டா.

வாசல்ல காவக்காரர் மறிச்சாரு. "கூடை உள்ள போகக்கூடாதும்மா. வாசனை வருது."

"வராம? இது என்ன மல்லிப்பூக் கூடையா?"

கூடையை அவர் காலடியில வச்சுட்டு உள்ள ஓடினா. முதல் கூடத்துல வெண்கலச் சிலைங்க. ஒரு அம்மன் தகதகன்னு நிக்கறா. "திரும்பறப்ப வரேன் தாயே!"

ரெண்டாவது கூடத்துல புதுசா வந்த கண்ணாடிக் கண்காட்சி. ஒரு பூங்காவனம் நுழைஞ்சா, சுத்தி அம்பது பூங்காவனம்! வழி தேடினா, மடார்! நெத்தி முட்டிக்கிச்சு. "அம்பது பேர் இருந்தும் ஒருத்திக்கும் வழி தெரியலியே!"

தடவித் தடவி மூணாவது கூடத்துக்கு வந்தா... அடேயப்பா! எதிர்ல அவ படம்! மூக்குத்தி மினுமினுக்குது. வெத்தலைக் கறை கூட விடல. நானா இதுன்னு வாயைப் பொளந்தா. அப்புறம்தான் கீழ எழுதினது கண்ல பட்டுச்சு.

"இதை மாத்துங்க!"ன்னு அவ போட்ட சத்தத்துல கண்காட்சி அதிகாரியம்மா வந்தாங்க. "படத்துக்குப் பேரு ஓவியர் வச்சது. நாங்க மாத்த முடியாதும்மா."

"அப்போ மீனை மாத்து!"

சுத்தி நின்னவங்க களுக்குன்னு சிரிச்சாங்க.

"சிரிக்காதீங்க. கீழ்த்தாடை நீட்டிக்கிட்டிருக்கு, பாருங்க. கோரப்பல்லு இருக்கு. மேலெல்லாம் செதிலு. இது சீலா! வஞ்சிரம் வழவழன்னு இருக்கும்."

அதிகாரியம்மா ஓவியருக்குப் போன் போட்டாங்க. அவர் குரல் எல்லாருக்கும் கேட்டுச்சு. "அந்தம்மாவே 'வஞ்சிரம், வஞ்சிரம்'னு கத்தினாங்களே! என் காதால கேட்டேன்."

கூட்டம் மொத்தமும் அவளையே பாக்குது.

ம்? ஏமாத்தினாளாவா? இரு, சொல்றேன்.

அப்போ பூங்காவனம் பட்டுன்னு நெத்தியில அடிச்சுக்கிட்டா. "அட சாமி! வஞ்சிரம் ஐஸ் பெட்டிக்குள்ள இருந்துச்சு. நான் கூவினது அதுக்கு. கையில இருந்தது சீலா. நீ பாத்ததை வரைஞ்ச, கேட்டதை எழுதிட்ட!"

போன்ல ஓவியர் கடகடன்னு சிரிச்சாரு. "என் தப்புதான். மாத்திடலாம். என்னன்னு எழுதணும்மா?"

"சீலான்னு எழுது. அப்புறம், அதென்ன 'பெண்'? எனக்குப் பேரு இருக்குல்ல?"

மூடற மணி அடிக்கறதுக்குள்ள புது அட்டை மாட்டினாங்க. 'சீலா விற்கும் பூங்காவனம்'. போறப்ப அம்மனைக் கும்பிட மறக்கல அவ.

மறுநாள் சந்தையில ஜேஜேன்னு கூட்டம். லலிதா டீச்சர் வஞ்சிரம் கேட்டாங்க. பூங்காவனம் மீனைத் தூக்கி மூஞ்சிக்கு நேரா நீட்டினா. "தாடையைப் பாரு டீச்சர். பல்லைப் பாரு. மேலைத் தடவிப் பாரு."

"போதும்மா, நறுக்கு!"

சீலா செவுத்துல, வஞ்சிரம் சட்டியில, நீ போர்வைக்குள்ள. கதை ஆச்சு, கண்ணை மூடு.