கோமதிநாயகமான வேலாயுதம்

பாளையங்கோட்டையில் ஒரு மென்பொருள் கம்பெனி. அதில் மூன்று பேர் வேலை பார்த்தார்கள். மூளைகள் மட்டும் நீண்ட விடுப்பில் இருந்தன. மூவரில் வேலாயுதம் தற்காலிக ஊழியர். அவர் பேரில் வேலை பதிவாகியிருந்தால்தான் வருஷக் கடைசியில் நிரந்தரம், இல்லையென்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அவர் எழுதியதெல்லாம் கோமதிநாயகம் என்ற பேரில் பதிவானது. கோமதிநாயகம் அந்தக் கம்ப்யூட்டரில் முன்பு உட்கார்ந்திருந்தவர். எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார்.

சென்னைத் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார்கள். பேசிய பெண் பொறுமையாக விளக்கினாள். யார் எதை மாற்றினார்கள் என்று குறித்துக்கொள்ளும் மென்பொருள், அந்தப் பேரை ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள்ளேயே ஒளிந்திருக்கும் ஒரு கோப்பில் வைத்திருக்கிறது. அது அந்தக் கம்ப்யூட்டரோடு சரி, வேறெங்கும் போகாது. கோப்பிலுள்ள பேரும் ஆளின் பேரும் ஒன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அணித்தலைவர் சுடலைமுத்து உடனே கூட்டம் போட்டார்.

"ஒளிஞ்சிருக்க கோப்பை நாம தொடலாமா?"

"பாக்கக் கூடாதுன்னுதான ஒளிச்சு வச்சிருக்காவ," என்றாள் சண்முகவடிவு.

"ரெண்டு பேரும் ஒண்ணா இருந்தா போதும்னுதான சொன்னா? கோப்பு ஒளிஞ்சிருக்கு. வேலாயுதம் கண்ணு முன்னால இருக்காரு. எதை மாத்துறது சுளுவு?" என்றார் சுடலைமுத்து.

வேலாயுதம் யோசித்துப் பார்த்தார். நியாயமாகத்தான் பட்டது. அலையாய் அலைந்து, அரசிதழில் விளம்பரம் கொடுத்து, ஆதார் வரைக்கும் மாற்றிக் கோமதிநாயகம் ஆனார். இப்போது இரண்டும் ஒன்று. நிம்மதியாக வேலை பார்த்தார்.

கொஞ்ச நாளில் அந்தச் சென்னைப் பெண் வேறு வேலையாக வந்தாள். போகிற போக்கில் கோப்பைத் திறந்து, தன்னிடமிருந்த விவரப்படி 'வேலாயுதம்' என்று மாற்றிவிட்டு ரயிலேறிவிட்டாள்.

வருஷக் கடைசியில் நிரந்தர ஆணை வந்தது, வேலாயுதத்தின் பேருக்கு. அன்று சாயங்காலத்துக்குள் அவர் வந்து கையெழுத்துப் போடாவிட்டால் ரத்து.

அலுவலகம் முழுக்கத் தேடினார்கள். வேலாயுதம் என்று ஒருவரும் இல்லை.

"முன்னால இங்கதான் இருந்தாரு. சொல்லாம கொள்ளாம எங்க போனாரோ," என்றார் சுடலைமுத்து.

கோமதிநாயகத்துக்கு மனசு கேட்கவில்லை. தனக்குக் கிடைக்காவிட்டாலும் போகட்டும், உழைத்தவன் வேலை பறிபோகலாமா? பைக்கை எடுத்துக்கொண்டு வேலாயுதத்தின் வீட்டுக்குப் பறந்தார். வழி தானாகவே தெரிந்தது. கதவைத் தட்டினார். வேலாயுதத்தின் மனைவி திறந்தாள்.

"வேலாயுதம் இருக்காரா?"

அவள் சேலையைச் சரிசெய்துகொண்டு ஒதுங்கி நின்றாள்.

"அவுக காலைலயே ஆபீஸுக்குப் போயிட்டாகளே."

வழியில்தான் தவறவிட்டிருக்கிறோம் என்று புரிந்துகொண்ட கோமதிநாயகம், அவரைப் பிடித்துவிட வேண்டுமென்று பைக்கைத் திருப்பினார்.