மஞ்சள் துணி

மூன்று நாடுகளுக்கு நடுவே ஒரு குறுகிய கடல். இந்தக் கரையில் கம்பத்தில் ஏறுவது அந்தக் கரையில் தெரியும். அவ்வளவுதான் அகலம்.

உலகத்தையே சுற்றி வந்த பெருங்காய்ச்சல் இந்தக் கடலில் முதலில் தென்கரையில்தான் இறங்கியது. தென்கரைக்காரர்கள் ஒளிக்கவில்லை. "எங்களுக்கு வந்துவிட்டது, நீங்கள் ஜாக்கிரதை" என்று மற்ற இரண்டு நாட்டுக்கும் ஆள் அனுப்பிச் சொன்னார்கள். வடகரையும் கீழ்க்கரையும் அன்றைக்கே துறைகளை அடைத்தன. அரிசிப் படகு நின்றது. தென்கரை மணல் பூமி. அங்கே நெல் விளையாது.

சிந்தாத்திரையின் அம்மா அந்த வருஷம்தான் செத்தாள். காய்ச்சலில் இல்லை, பசியில்.

சொன்னவன் பட்ட பாட்டை உலகம் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு காய்ச்சல் போய் இறங்கிய துறை எதுவும் வாயைத் திறக்கவில்லை. அப்படித்தான் அது எல்லோர் வீட்டுக்கும் போனது.

எல்லாம் ஓய்ந்த பிறகு லேயோன் ஆசான் ஒரு சின்னப் படகில் மூன்று கரைக்கும் நான்கு வருஷம் அலைந்தார். வைத்தியர். எந்த நாட்டுக்காரர் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. கடைசியில் மூன்று நாடுகளும் ஒரு சொல்லுக்கு வந்து கையெழுத்துப் போட்டன. எந்தத் துறையில் காய்ச்சல் கண்டாலும் கம்பத்தில் மஞ்சள் துணி ஏற வேண்டும். அதைப் பார்த்த மற்ற இரண்டு நாடும் நடுக்கடல் பாறையில் அரிசியும் மருந்துப் பட்டையும் கொண்டுவந்து வைக்க வேண்டும். முதலில் அரிசி. பிறகுதான் துறை அடைப்பு.

தென்கரையின் துணி சிந்தாத்திரையிடம் இருந்தது. அவள் ஆசானிடம் வைத்தியம் கற்றுக்கொண்டிருந்தாள். மாதத்துக்கு ஒரு தடவை துணியைத் துவைத்து வீட்டுக்குள்ளேயே உலர்த்துவாள். வெளியே கொடியில் போட்டால் அக்கரையில் யாராவது பார்த்துவிட்டு அலறுவார்கள்.

அது கம்பத்தில் ஒருநாளும் ஏறியதில்லை.

அந்தக் காலையில் அவளுடைய மூன்று வயது மகள் தெக்லா எழுந்திருக்கவில்லை. தொட்டுப் பார்த்தாள். சுட்டது. தலைமுடியை ஒதுக்கினாள். காதுக்குப் பின்னால் மூன்று செம்புள்ளிகள். பெருங்காய்ச்சலின் அடையாளம்.

சிந்தாத்திரை முடியை மறுபடி இழுத்து மூடினாள்.

மத்தியானம் ஊர்த்தலைவர் பர்னபாஸ் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"ஏ பிள்ளே, சிந்தா. உன் மகளுக்கு மேலுக்குச் சுகமில்லையாமே?"

"ஆமா மாமா."

"வேர்க்குருவா இருக்கும்."

"வேர்க்குரு இல்ல மாமா."

"நான் வேர்க்குருங்கேன். நாளைக்குத் திருவிழா. ரெண்டு நாட்டு அரிசிப் படகும் வருது. மூணு நாள் பொறு. அரிசி இறங்கட்டும், அப்புறம் நீ மஞ்சளை ஏத்து, பச்சையை ஏத்து, உன் சேலையைக்கூட ஏத்து. நான் கேக்க மாட்டேன்."

"வாறவங்களுக்கும் பிள்ளைங்க இருக்கே மாமா."

"உன் அம்மைக்கும் பிள்ளை இருந்தது," என்றார் பர்னபாஸ். சொன்ன பிறகு அவருக்கே கஷ்டமாகிவிட்டது. திரும்பிப் பார்க்காமல் போனார்.

அவர் போன வழியிலேயே ஆசான் வந்தார். உள்ளே வந்து உட்கார்ந்து குழந்தையை மடியில் தூக்கிக்கொண்டார். முடியை ஒதுக்கிப் பார்த்தார்.

"ஆசானே, துணியை ஏத்துறேன். யாரும் வரலேன்னா?"

ஆசான் குழந்தையைப் பாயில் கிடத்தினார். அடுக்களைக்குப் போனார். இருப்பதிலேயே பெரிய பானையை எடுத்தார். தண்ணீர் ஊற்றி அடுப்பில் ஏற்றி, குனிந்து ஊதினார்.

"பானையில போட ஒரு பிடி அரிசி இல்ல, ஆசானே."

"பெரிய பானை. கொதிக்க நேரமாகும்," என்றார் ஆசான். "நீ போயிட்டு வா."

சிந்தாத்திரை துணியை எடுத்துக்கொண்டு போனாள். கம்பத்தடியில் நின்று கயிற்றை இழுத்தாள். வெயில் சாயும் நேரத்தில் தென்கரைக் கம்பத்தின் உச்சியில் மஞ்சள் துணி பறந்தது. தெருவில் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தும் சத்தம் கேட்டது.

உலை கொதித்தது. வற்றியது. ஆசான் மறுபடி தண்ணீர் ஊற்றினார்.

விடிந்தபோது நடுக்கடல் பாறையில் மூட்டைகள் இருந்தன. வடகரைப் படகு தள்ளி நின்று துடுப்பை உயர்த்திக் காட்டியது. ஊர் ஓடி வந்து கரையில் நின்றது. பர்னபாஸ் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சிந்தாத்திரையும் ஆசானும் போய் மூட்டைகளை ஏற்றி வந்தார்கள். அரிசி வெந்தது. பட்டைக் கஷாயம் இரண்டு வாய் உள்ளே போனதும் தெக்லா கண்ணைத் திறந்து, "கசக்கு," என்றாள். காய்ச்சல் இறங்கவில்லை. ஆனால் பேசினாள்.

கீழ்க்கரையிலிருந்து ஒரு படகும் வரவில்லை.

"பாத்தியா?" என்றார் பர்னபாஸ். "கையெழுத்துப் போடும்போது முன்னால நின்னவன் கீழ்க்கரைக்காரன்தான். விருந்திலே ரெண்டு தடவை மீன் கேட்டு வாங்கினான்."

அவர் சொல்லி வாய் மூடவில்லை. கீழ்க்கரைக் கம்பத்தில் என்னவோ ஏறியது. பாதியில் நின்றது. மறுபடி ஏறியது.

மஞ்சள்.

வடகரைப் படகுக்காரன் கீழ்க்கரைப் பக்கம் போய் விசாரித்துவிட்டு வந்து, தண்ணீருக்கு மேலே கத்திச் செய்தி சொன்னான். கீழ்க்கரையில் காய்ச்சல் கண்டு ஐந்து நாள் ஆகிவிட்டதாம். மறைத்திருக்கிறார்கள். எங்கள் துறையில் இருந்ததையெல்லாம் நேற்றே இங்கே ஏற்றிவிட்டோம், உள்ளூரிலிருந்து அரிசி வர இன்னும் இரண்டு நாளாகும் என்றான்.

கரையில் ஒரே கூச்சல். ஐந்து நாளைக்கு முன்னால்தான் கீழ்க்கரைப் படகு ஒன்று வந்து போயிருந்தது. அதில் வந்தவன் தெக்லாவைத் தூக்கிக் கொஞ்சி, ஒரு பேரீச்சம்பழத்தைப் பிட்டு வாயில் ஊட்டினான். சிந்தாத்திரை பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஆசான் படகடிக்குப் போனார். மூட்டைகளில் பாதியை மறுபடி படகில் ஏற்ற ஆரம்பித்தார். மருந்துப் பட்டைக் கட்டை அவிழ்த்து இரண்டாகப் பிரித்தார்.

சிந்தாத்திரை அந்தக் கட்டின் மேல் கையை வைத்தாள்.

"அஞ்சு நாள் மறைச்சிருக்காங்க, ஆசானே. என் பிள்ளைக்கு அவங்க கையிலேருந்துதான் வந்திருக்கு."

"ஆமா."

"அவ இன்னும் சுட்டுக்கிட்டுக் கிடக்கா. இதுல பாதியை அவங்களுக்குக் குடுக்கச் சொல்றீங்க."

"ஆமா."

"ஏன்?"

ஆசான் அவளைப் பார்த்தார்.

"நேத்து புள்ளியை எப்போ பாத்த?"

அவள் பார்வை வீட்டுப் பக்கம் போனது.

"காலையில."

"துணியை எப்போ ஏத்தின?"

அவள் கை கட்டின் மேலிருந்து தானாக விலகியது. அலை வந்து படகை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனது.

"அடுத்த தடவை துணி ஏத்த உனக்கு அரைப் பகல் போதும்," என்றார் ஆசான். "அவங்களுக்கு நாலு நாளாகட்டும். அந்தப் பக்கம் பிடி, படகைத் தள்ளணும்."