கூட்டினாயா, மாற்றினாயா?

முன்னொரு காலத்தில் மஞ்சநல்லூர்ச் சீமையைச் செங்கோடராயன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். நல்ல மனுஷன்தான், ஆனால் மூக்குக்கு மேலே கோபம். ஒரு மழைக்காலத்தில் யாரோ பழைய வீட்டின் மேல் புதிதாக ஏற்றிய மாடி சரிந்து, அவன் பட்டத்து யானையின் முதுகில் ஓடு விழுந்தது. யானை மறந்துவிட்டது. ராஜா மறக்கவில்லை. அன்றே சட்டம் போட்டான்.

"பழைய வீட்டைக் கூட்டினால் முழு வீட்டையும் இடித்து, கல் அஸ்திவாரம் போட்டுப் புதிதாகக் கட்ட வேண்டும். உள்ளே மாற்றினால் மாற்றிய இடத்தை மட்டும் சரியாகச் செய்தால் போதும்!"

சட்டத்தை நடத்தும் வேலை மாணிக்கநம்பிக்குக் கிடைத்தது. அமைச்சர் ஆவுடையப்பரைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும். அமைச்சருக்கோ இடியாப்பக்காரி இலஞ்சியத்தின் கைப்பக்குவம் இல்லாமல் பொழுது விடியாது. இது போதாதா? நம்பி நேரே அவள் வீட்டுக்குப் போனார். பேரப்பிள்ளைக்கு அடுப்புப் புகை பட்டு இருமல் வருகிறதென்று, இருந்த ஒரே அறைக்கு நடுவே அவள் ஒரு மண்சுவர் வைத்திருந்தாள்.

"வீட்டைக் கூட்டினாயா?" என்று அதட்டினார்.

"கூட்டாம இருப்பேனா சாமி? காலையிலயும் சாயங்காலமும் கூட்டுறேன்" என்றாள் அவள், துடைப்பத்தைக் காட்டி.

துடைப்பத்தை யார் பார்த்தார்கள்? 'குற்றத்தை ஒப்புக்கொண்டாள், தினமும் இரண்டு வேளை' என்று ஓலையில் எழுதிச் சபையில் படித்தார். ராஜா துள்ளி எழுந்தான். "இரண்டு வேளையுமா! இடியுங்கள்!"

சபைக்கு இழுத்து வரப்பட்டிருந்த இலஞ்சியம் கதறிவிட்டாள். "கைப்பிள்ளையோட எங்க போவேன் மகாராசா?"

ஆவுடையப்பருக்கு நெஞ்சு பதைத்தது. இடியாப்பத்தை நினைத்து என்று சொன்னால் பாவம். அந்தப் பிள்ளையை நினைத்துத்தான். ஆனால் முகத்தில் காட்டவில்லை.

"மகாராஜா, தினம் இரண்டு வேளை கூட்டியிருந்தால் அந்த வீடு இந்நேரம் கோட்டை மதிலை முட்டியிருக்குமே! அளந்து பார்ப்போம். பாய் விரிக்கும் இடம் பெருகியிருந்தால் கூட்டல். பெருகாமல் சுவர் மட்டும் வந்திருந்தால் மாற்றல். நம்பி என்ன சொல்கிறார்?"

"ஓர் அறை இரண்டு அறை ஆயிற்று. பெருகாமல் எங்கே போகும்? பாயாலேயே அளக்கலாம்!" என்றார் நம்பி.

"சுவர் வைக்கும் முன்னால் எத்தனை பாய் விரிப்பாய் அம்மா?" என்று கேட்டார் ஆவுடையப்பர்.

"பத்து சாமி. இப்ப சுவரு இடத்த அடைச்சுக்கிட்டதுல ஒம்பதுதான் விரியுது."

"கேட்டீர்களா? வீடு குறைந்திருக்கிறது! இருந்தாலும் விரித்தே பார்த்துவிடலாம். பத்துப் பாய் வேண்டும். நம்பி வீட்டில் கேட்கலாம்தான், பாவம், அவ்வளவுக்கு எங்கே போவார்?"

நம்பிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "என்ன சொன்னீர்? என் வீட்டில் ஐம்பத்தைந்து பாய் இருக்கிறது! அத்தனையும் ஒரே வேளையில் விரித்துப் பந்தி போடுவேன், தெரியுமா?"

ஆவுடையப்பர் ராஜாவைப் பார்த்தார். இனி அவர் பேச வேண்டியதில்லை.

ராஜா மெல்லத் தலையைத் திருப்பினான். "ஓய் நம்பி! உம் கிரகப்பிரவேசத்துக்கு நான் வந்தேனே. முப்பது பாய் விரித்ததும் வீடே நிறைந்துபோய், என் மைத்துனன் வாசலில் நின்று பாயசம் குடித்தான். மிச்சம் இருபத்தைந்து பாயை இப்போது எங்கே விரிக்கிறீர்?"

நம்பி இழுத்தார். "உள்ளே... பலகை போட்டு... சின்னதாக ஒரு மேல்தளம்... வெளியே தெரியாது மகாராஜா. வெறும் மாற்றல்தான்..."

"பாயாலேயே அளக்கலாம் என்றது நீர்தானே?"

சபையே சிரித்தது. முழு வீட்டையும் இடிக்கச் சொன்னான் ராஜா. "மேல்தளத்தைக் கழற்றிவிட்டால் கூட்டலும் போய்விடும், விட்டுவிடுங்கள்" என்று ஆவுடையப்பர்தான் கெஞ்சிக் காப்பாற்றினார். இலஞ்சியத்தின் சுவர் நின்றது. கழற்றிய பலகையில் ராஜா அவளுக்கு ஒரு கதவும் போட்டுக்கொடுத்தான். ஒரு மண்டலம் இரண்டு வேளையும் சபாமண்டபத்தைத் துடைப்பத்தால் சுத்தம் செய்வது நம்பிக்குத் தண்டனை.

மறுநாள் காலை ராஜா வந்து உட்கார்ந்ததும் கேட்டான். "என்ன நம்பி, கூட்டினீரா?"

நம்பி அலறிப்போய்த் துடைப்பத்தைப் பின்னால் மறைத்தார். "ஐயோ, கூட்டவே இல்லை மகாராஜா! பெருக்கினேன்!"

"பெருக்கினீரா?" என்று ராஜா புருவத்தை உயர்த்தினான். "ஓய், கூட்டினதற்கே மேல்தளம் போயிற்று!"